கலர் என்றால் வெள்ளையா?



நீளமான பதிவுதான். நாற்பது நிமிட வகுப்பில் பொறுமையாக உட்கார்ந்தவர்கள் நீங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க மாட்டீர்களா?

போன மாதம் மட்டும் எனக்கு வாட்ஸ்அப்பில் ஆறு அழைப்புகள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா, கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று வரிசையாக வந்தன. எல்லாம் சந்தோஷமான செய்திதான். ஆனால் இரண்டு அழைப்பிதழ்களில் இருந்த பெண் யாரென்றே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெற்றோர் பெயரைப் படித்த பிறகுதான், ‘அட, நம் வீட்டுக்கு வந்து கொய்யா பறிக்கும் குட்டியா இது!’ என்று புரிந்தது. கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம், முகம் மட்டும் ரோஸ்.

அதையாவது விட்டுவிடலாம். ரயில்வே கேட் பக்கம் ஒரு கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி பார்த்தேன். வாழ்நாள் முழுக்க வெயிலில் நாற்று நட்ட பாட்டி. அவர் முகத்தையும் வெளுத்துவிட்டிருந்தார்கள். செத்த பிறகும் அந்த முகத்தை அப்படியே விட நமக்கு மனசு வரவில்லை.

ஸ்டூடியோ வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “நானா பண்றதில்லம்மா. ‘கொஞ்சம் பிரைட் பண்ணிக் குடுங்க’ன்னு அவங்களேதான் கேக்குறாங்க. பண்ணாம குடுத்தா, போட்டோ நல்லா இல்லைன்னு திருப்பிக் கொண்டு வந்துடுறாங்க” என்றார்.

அவர் மீது தப்பில்லை. பணம் கொடுப்பவர் கேட்பதைச் செய்கிறார். அப்படிக் கேட்க நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் நடத்தினேன். என் பாடத்தை மறந்தவர்கள் உண்டு. ஆனால் சுவரிலும் டிவியிலும் மாட்டியிருக்கும் படம் நடத்திய பாடத்தை ஒருவர்கூட மறக்கவில்லை.

முதலில் நம் பேச்சையே பாருங்கள். “பொண்ணு கலரா இருக்கா” என்கிறோம். “பையன் நல்ல நிறம்” என்கிறோம். கருப்பும் ஒரு கலர்தானே? மாநிறமும் நிறம்தானே? பொதுப்பெயர் முழுவதையும் ஒரே ஒரு நிறத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அடுத்தது, “கருப்பா இருந்தாலும் களையா இருக்கா.” பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறோம். தமிழம்மா விடுவேனா? ‘இருந்தாலும்’ என்ற சொல்லைப் பிரியுங்கள். “மழை பெய்தாலும் வந்தான்” என்றால், மழை ஒரு தடை, அதை மீறி வந்தான் என்று பொருள். “காய்ச்சலாக இருந்தாலும் தேர்வு எழுதினாள்” என்றால் காய்ச்சல் ஒரு தடை. அப்படியானால் “கருப்பா இருந்தாலும்” என்றால்? அந்தக் குழந்தையின் தோலைக் காய்ச்சல் பட்டியலில் சேர்த்துவிட்டோம். ‘கருப்பா, களையா இருக்கா’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு சொல்லை எடுத்தால் போதும், வாக்கியம் நேராகிவிடுகிறது.

இப்போது விளம்பரத்துக்கு வருகிறேன்.

ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது 1975-இல். அதன் விளம்பரக் கதை உங்களுக்கு மனப்பாடம். கருத்த பெண் சோகமாக ஜன்னல் ஓரம் நிற்பாள். வேலை கிடைக்காது, வரன் அமையாது. கிரீம் வரும். சில வாரங்களில் வேலை, மாப்பிள்ளை, அப்பா முகத்தில் சிரிப்பு எல்லாம் வந்துவிடும். அதில் ஒரு விளம்பரம் மிகவும் மோசம். மகன் இல்லையே என்று அப்பா புலம்புவார். அதைக் கேட்ட மகள் கிரீம் பூசி, சிவந்து, விமானப் பணிப்பெண்ணாகிச் சம்பாதிப்பாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்துப் புகார் கொடுத்துப் போராடியது. 2003-இல் மத்திய அரசு தலையிட்ட பிறகு அந்த வகை விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன.

பெண்களோடு நின்றதா? 2005-இல் ஆண்களுக்கென்றே இமாமி நிறுவனம் ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் கொண்டுவந்தது. ஷாருக் கான் அதற்கு விளம்பரம் செய்தார். பத்தாம் வகுப்புப் பையன்கள் சட்டைப் பையில் சீப்போடு கிரீம் டியூபும் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அந்த வகுப்பில் படித்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள், தெரியும்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஒரு பயிற்சி நினைவிருக்கும். பத்திரிகையில் வரும் ‘முன் – பின்’ விளம்பரப் படத்தை வெட்டிக்கொண்டு வரச் சொல்வேன். “நிறத்தைத் தவிர வேறென்ன மாறியிருக்கிறது, பட்டியல் போடு” என்பேன். முன் படத்தில் எண்ணெய் வைத்து ஒட்ட வாரிய தலை, பின் படத்தில் காற்றில் பறக்கும் முடி. முன் படத்தில் வாய் மூடியிருக்கும், பின் படத்தில் பல் தெரியும். முன் படத்தில் தோள் குறுகியிருக்கும், பின் படத்தில் நிமிர்ந்திருக்கும். வெளிச்சம், உடை, பின்னால் இருக்கும் சுவர் எல்லாமே வேறு. ஒரு வருடம் ஒரு மாணவி 11 வித்தியாசம் எழுதினாள். கடைசி வரி இன்னும் என் நினைவில் இருக்கிறது: ‘முதல் படத்தில் யாரும் அவளைப் பார்க்கவில்லை, இரண்டாம் படத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள்.’ விளம்பரக் கலையைப் பற்றி இதைவிடச் சரியாக நான் எங்கும் படித்ததில்லை. டியூபுக்குள் இருந்தது கிரீம். அதைக் காட்டி நம்மிடம் விற்றது, நாலு பேர் மதிப்பார்கள் என்ற நம்பிக்கை.

2014-இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் ஒரு விதி கொண்டுவந்தது. கருத்த நிறம் உள்ளவரைச் சோகமானவராக, தோற்றவராக, யாரும் விரும்பாதவராகக் காட்டக் கூடாது என்று. 2019-இல் அந்தக் கிரீமின் அட்டையிலிருந்து இரட்டை முகமும் நிற அளவுகோலும் எடுக்கப்பட்டன. 2020 ஜூலையில் பெயரும் மாறியது. ‘ஃபேர்’ போய் ‘குளோ’ வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை அடுத்து உலகம் முழுக்க எழுந்த குரல்தான் இங்கே பெயர்ப்பலகை வரைக்கும் வந்து சேர்ந்தது.

பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் ‘சிவப்பழகு’ போன இடத்தில் ‘பொலிவு’, ‘பளபளப்பு’, ‘ஒளிரும் சருமம்’ வந்து உட்கார்ந்திருக்கின்றன. நம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே பாருங்கள். காலை ஆறு மணிக்கு நம் ஊர் சந்திப்பில் பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். ஒரகடம் போகிறவர்கள், மறைமலைநகர் போகிறவர்கள், மகிந்திரா சிட்டி போகிறவர்கள். முக்கால்வாசிப் பேர் கருப்பு, மாநிறம். அவர்கள் தலைக்கு மேலே நகைக்கடை, ஜவுளிக்கடை, அடுக்குமாடி விளம்பரப் பலகைகள். அத்தனையிலும் வெள்ளை வெளேர் என்று ஒரு முகம். கீழே நிற்கிறவள்தான் சம்பளம் வாங்கி அந்த நகையைச் சீட்டுக் கட்டி வாங்கப்போகிறாள். அவள் முகத்துக்கு மேலே ஒரு பலகையில்கூட இடமில்லை.

இது விளம்பரத்தோடு போகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். பள்ளிக்குள் வந்தது. ஆண்டு விழாவில் பாரத மாதா வேடம் என்றால் வகுப்பிலேயே வெளுத்த பிள்ளைக்கு. தாடகை, சூர்ப்பனகை என்றால் கருத்த பிள்ளைக்கு. நான் பார்த்த எல்லாப் பள்ளிகளிலும் இது எழுதாத சட்டம். ஒரு வருடம் பிடிவாதமாக, நன்றாகப் பேசக்கூடிய கருத்த பெண் ஒருத்தியைப் பாரத மாதாவாக நிறுத்தினேன். விழா அன்று அவள் அம்மாவே ஓடி வந்து, ஒரு டப்பா ரோஸ் பவுடரைக் கையில் கொடுத்து, “மேடையில அசிங்கமா தெரியப் போறா, இதைப் பூசிவிடுங்கம்மா” என்றார். நான் பூசவில்லை. அந்தப் பெண் அப்படியே மேடையேறினாள், கைத்தட்டல் வாங்கினாள். இப்போது செவிலியராக இருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன், படித்தால் அவளுக்கே தெரியும்.

உடம்புக்கும் கெடுதல் என்பதைச் சொல்லியாக வேண்டும். கடைகளிலும் ஆன்லைனிலும் லேபிள் இல்லாமல் விற்கும் வெளுப்புக் கிரீம்கள் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோலில் மெலனின் உருவாவதைத் தடுக்கும். அதனால் நிறம் வெளுத்த மாதிரி தெரியும். ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல் சிறுநீரக நோயோடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், பலர் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். சில கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதலில் வெளுக்கும், பிறகு தோல் மெலிந்து சிவந்து எரியும், வெயிலில் போக முடியாது. நம் வெயிலில் தோலைக் காப்பதற்கு இயற்கை கொடுத்த குடைதான் அந்தக் கருப்பு. குடையைக் கிழித்துவிட்டு வெயிலைத் திட்டி என்ன பயன்?

சினிமாவும் சும்மா இருக்கவில்லை. 2007-இல் வந்த ‘சிவாஜி’ படத்தில் ஒரு நகைச்சுவைப் பகுதி. இரண்டு பெண்களுக்குக் கரி பூசினாற்போல் வேடமிட்டு, அவர்களைப் பார்த்து எல்லோரும் ஓடுவதாகக் காட்டினார்கள். அவர்களுக்கு வைத்த பெயர்கள் அங்கவை, சங்கவை. பறம்பு மலை பாரியின் மகள்களுக்கு வழிவழியாகச் சொல்லப்படும் பெயர்கள். தந்தையை இழந்த அந்தப் பெண்கள் பாடியதாகப் புறநானூற்றில் வரும் பாட்டை எத்தனை வருடம் உங்களுக்கு நடத்தியிருப்பேன்! அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பெயர்களைச் சொன்னதும் பின் பெஞ்சில் சிரிப்பு. ரஜினிகாந்த் படங்களை நானும் விரும்பிப் பார்க்கிறவள்தான். கருத்த ஒரு மனிதர் இந்த நாட்டின் பெரிய நடிகரானது நமக்கெல்லாம் பெருமை. அதே படத்தில் அவரையே கம்ப்யூட்டரில் வெள்ளைக்காரராக்கிப் பாட்டும் எடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தால், நம் வீட்டுப் பூஜை அறை வரை போக வேண்டியிருக்கிறது. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமி, சரஸ்வதி படங்களை அச்சடித்தார். கோவிலுக்குள் போக விடாமல் ஒதுக்கப்பட்டவர் வீட்டுக்கும் சாமி படம் போய்ச் சேர்ந்தது. அது சாதாரண விஷயமில்லை. அந்த வழியில் நம் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக எல்லா வீட்டுக்கும் வந்தன. அந்த ஓவியங்கள் எனக்கு உயிர். முருகன் முகத்தில் இருக்கும் அந்தக் குழந்தைச் சிரிப்பை வேறு யாரால் வரைய முடியும்? ஆனால் அந்தப் படங்களில் தேவிமார் எல்லோரும் ஒரே வெளுப்பு. கண்ணனுக்குக் கருப்பு கொடுக்கத் தயங்கி நீலம் கொடுத்தார்கள்.

காலண்டரை விட்டு, கருவறைக்குள் போய்ப் பாருங்கள். நம் பக்கத்துக் கோவில்கள் பெரும்பாலானவற்றில் மூலவர் கருங்கல். எண்ணெய்க் காப்பில் கருகருவென்று மின்னும். அந்த முகத்தைப் பார்த்து யாராவது ‘கருப்பாக இருந்தாலும்’ என்று சொல்லியிருக்கிறோமா? நம் ஊர் நரசிம்மர் மலைப்பாறையிலேயே குடைந்த பல்லவர் காலக் குடைவரையில் இருக்கிறார். மலையோடு மலையாக இருப்பதால் பெருமாளைச் சுற்ற வேண்டுமானால் மலையையே சுற்ற வேண்டும். பாடலாத்ரி என்றால் சிவந்த மலை. தொல்காப்பியம் கரியவனான மாயோனையும் சிவந்தவனான சேயோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஒரு நிறத்துக்கு மேல் இன்னொரு நிறம் என்று சொல்லவில்லை. நம் தாத்தா பாட்டிகள் பிள்ளைகளுக்குக் கருப்பையா, கருப்பாயி, கார்மேகம், நீலமேகம், சியாமளா என்று ஆசையாகப் பெயர் வைத்தார்கள். இன்று அந்தப் பெயரை வைத்தால் பள்ளியில் கிண்டல் என்று பயப்படுகிறோம்.

இனி, எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன். குறை மட்டும் சொன்னால் கிழவி புலம்புகிறாள் என்பீர்கள்.

2017 கடைசியில் சென்னையில் பரத்வாஜ் சுந்தர், நரேஷ் நில் என்ற இரண்டு இளைஞர்கள் ‘டார்க் இஸ் டிவைன்’ என்று ஒரு புகைப்பட வரிசை செய்தார்கள். லட்சுமி, சரஸ்வதி, துர்க்கை, லவகுசரோடு சீதை, சிவன், கண்ணன், முருகன் எல்லோரையும் கருத்த தோலுள்ள மாடல்களை வைத்து எடுத்திருந்தார்கள். நகை, தாமரை, பட்டு எல்லாம் காலண்டரில் இருப்பது போலவே. முகம் மட்டும் நம் முகம். முதலில் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த லட்சுமி, என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி மாதிரியே இருந்தாள். ‘இவளையா நாம் கடைசி வரிசையில் நிற்கவைத்து வகுப்புப் போட்டோ எடுத்தோம்’ என்று நீங்களும் நினைப்பீர்கள், தேடிப் பாருங்கள்.

விளம்பரத்திலும் நல்லது உண்டு. 2013-இல் தனிஷ்க் நகை விளம்பரம் ஒன்று வந்தது. தனிஷ்க் என்றால் டைட்டன், டைட்டன் என்றால் டாட்டாவும் நம் தமிழ்நாட்டு டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் தொடங்கிய நிறுவனம். அதில் மணப்பெண் மாநிறத்துக்கும் கீழே. அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை. மாப்பிள்ளை அந்தக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு அக்கினியை வலம் வருகிறார். மறுமணத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதில் பெரிதாகப் பட்டது வேறு. அந்தப் பெண்ணின் நிறத்தைப் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல்கூட இல்லை. அழகாக இருக்கிறாள், நகை போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ‘இருந்தாலும்’ இல்லாத விளம்பரம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஓவியர் இளையராஜா. இசைஞானி இல்லை, கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த எஸ். இளையராஜா. ஆனந்த விகடனில் அவர் ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பெண், அடுப்படியில் நிற்கும் பெண், பாவாடை கட்டிய சிறுமி. எல்லோரும் கருப்பு. ஜன்னலிலிருந்து ஒரு வெளிச்சம் பக்கவாட்டில் விழும். கன்னத்தில், மூக்குத்தியில், பித்தளைச் சொம்பில் அந்த வெளிச்சம் நிற்கும். போட்டோ என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்த்தால் தூரிகை. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. 43 வயதுதான்.

ஸ்டூடியோ தம்பிகள் அவரிடம்தான் பாடம் படிக்க வேண்டும். கருத்த முகம் போட்டோவில் சரியாக விழவில்லை என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்கக் கொடுத்த மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அந்த முகத்துக்குச் சரியாக விழுந்தால் படம் சரி என்று கணக்கு. நம் முகத்துக்காக யாரும் கணக்குப் போடவில்லை. இன்று ஃபிலிம் போய்விட்டது. ஆனால் பல செல்போன்களின் பியூட்டி ஃபில்டர் கேட்காமலேயே நம்மை வெளுக்கிறது. கருத்த முகத்துக்கு வேண்டியது சரியான இடத்திலிருந்து வரும் வெளிச்சம். வெளிச்சம், வெளுப்பு இரண்டும் கேட்க ஒரே குடும்பத்துச் சொற்கள் மாதிரி இருக்கும். வேலை நேரெதிர். வெளிச்சம் முகத்தைக் காட்டும், வெளுப்பு முகத்தை அழிக்கும்.

“அழகுபடுத்திக்கொள்ள ஆசைப்படுவது தப்பாம்மா?” என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. மை வையுங்கள், பூ வையுங்கள், மேக்கப் போடுங்கள். வெளுத்த பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான், அவர்களைச் சுண்ணாம்பு என்று கூப்பிடுவதும் அதே பாவம்தான். நான் கேட்பது சின்ன விஷயம்.

பிள்ளையின் விழாவுக்குப் பேனர் அடிக்கும்போது, முகத்தின் நிறத்தைத் தொட வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். போனில் ஃபில்டரை அணைத்துவிட்டு ஒரு படமாவது எடுத்து வையுங்கள். வரன் விளம்பரம் எழுதும்போது ‘நல்ல நிறம்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் படிப்பையோ சமையலையோ பாட்டையோ எழுதுங்கள், ஆணாக இருந்தாலும். ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, இந்த ஆண்டு விழாவில் பாரத மாதா யார் என்று முடிவு செய்யும்போது இந்தத் தமிழம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பதின்மூன்று வயதுப் பெண், வீதி முனையில் பத்தடிக்குத் தன் படத்தைப் பார்க்கிறாள். ஊரே பார்க்கிறது. அதில் இருப்பது வேறு ஒருத்தியின் முகம் என்றால், ‘நீ இப்படி இருந்திருக்கலாம்’ என்று பெற்றவர்களே பொதுவில் எழுதி மாட்டியதாகத்தான் அவளுக்குப் படும். அவள் வெளியே சொல்ல மாட்டாள். கண்ணாடி முன்னால் நிற்கும்போது நினைத்துக்கொள்வாள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகக் கீழே எழுதுங்கள். சண்டை போட மாட்டேன். ஒற்றுப்பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன், அது கைப்பழக்கம்.

தை பிறந்ததும் எப்படியும் அழைப்பிதழ்கள் வரும். இந்த முறை பெயரைப் படிக்காமலேயே பிள்ளையை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசை.

அன்புடன்,
உங்கள் தமிழம்மா
சிங்கப்பெருமாள் கோவில்